ஒரே மேடை

காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறத் தொடங்கியபோது, தோட்ட ஆபீஸ் கிராணி ராமையா சீதாவை மட்டும் நிற்கச் சொன்னார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கேமரன் மலையில் அதையெல்லாம் மழை என்று யாரும் சொல்வதில்லை. இடுப்பில் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். கிராணி தன் மழைச்சட்டையின் தொப்பியைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். மனுஷனுக்கு வாய் வரவில்லை என்று சீதாவுக்குத் தெரிந்தது. என்ன சொல்லப்போகிறார் என்பதும் தெரிந்தது.

"சீதாக்கா, கோவிச்சுக்காதீங்க லா. மேல இருந்து சொன்னதத்தான் நான் சொல்றேன். இந்த மாசத்தோட உங்களுக்குப் பென்சன். மாசக் கடைசில வீட்டுச் சாவியக் குடுத்துரணும்."

"தெரியும் கிராணி."

"தங்கராஜு அண்ணனுக்குப் பென்சன் ஆனப்பவே காலி பண்ணியிருக்கணும். நீங்க வேலையில இருந்ததால வீட்ட உங்க பேருக்கு மாத்திக் குடுத்தோம். இனிமே மாத்தறதுக்கு உங்க வீட்ல ஆளு இல்ல."

"எங்க வீட்டுக்கு யாரு வர்றா?"

"நேப்பாள்காரனுங்க. லோரில வந்து எறங்கறானுங்க, படுக்க எடம் இல்ல. நான் என்னக்கா பண்றது?"

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் சீதா. கத்தரியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவள் ஏறவேண்டிய இடம் செங்குத்துச் சரிவு. சரிவு குறைந்த மலைகளில் இரண்டு ஆள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மெஷினில் தேயிலைக் கொழுந்து வெட்டுவார்கள். அதற்கெல்லாம் இப்போது பங்களாதேஷ் பையன்கள்தான். மெஷின் ஏற முடியாத இடத்தில் பெட்டி பொருத்திய பெரிய கத்தரியால் வெட்டவேண்டும். கத்தரியின் கனம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். ஒரு காலை மேல் வரிசையிலும் மறு காலைக் கீழ் வரிசையிலும் ஊன்றி, பெட்டி நிறைய நிறைய முதுகுச் சாக்குக்குள் கவிழ்த்துக்கொண்டே போகவேண்டும். ஈரக் கொழுந்து பொல்லாத பாரம். பனி மூடினால் பக்கத்துச் செடிகூடத் தெரியாது. கத்தரிச் சத்தத்தை வைத்துத்தான் பக்கத்தில் ஆள் இருப்பதைத் தெரிந்துகொள்ள முடியும்.

அன்று சீதாவின் கத்தரி அடிக்கடி நின்றது. அவள் பிறந்தது இந்தத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில்தான், கடைசி வீட்டில். கல்யாணம் ஆகி நடு வீட்டுக்குப் போனாள். வாழ்நாளில் அவள் குடிமாறிய தூரம் நாலைந்து கதவுகள். அந்தக் கடைசி வீட்டில் இப்போது, தோட்டத்தில் வேலை பார்க்கும் பெண்டாட்டியின் பேரில், அவளுடைய அண்ணன் பழனியப்பன் இருக்கிறான். கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் கூப்பிட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சாயந்தரம் அவள் வீடு திரும்பியபோது அவள் புருஷன் தங்கராஜு வாசலோர அஞ்சடியில் உட்கார்ந்து கயிற்றில் கட்சிக்கொடி கோத்துக்கொண்டிருந்தார். சட்டமன்றத் தேர்தல் வந்திருந்தது. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான வைபி பழைய கட்சி. அந்தக் கட்சியின் தோட்டத்துக் கிளைக்குத் தங்கராஜுதான் தலைவர். முப்பது வருஷமாக அவர்தான். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்த காலத்திலேயே சட்டைப்பையில் கட்சி பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்த ஆள். அந்தத் தேயிலைத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. பேசும்போது நடுநடுவே இருமல் வரும். மேடையில் பேசும்போது மட்டும் வராது.

"கிராணி சொல்லிட்டாரு" என்றாள் சீதா, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"என்னா?"

"மாசக் கடைசி."

அவர் கை நிற்கவில்லை. "வெள்ளிக்கிழம நம்ம பாடாங்ல செராமா கூட்டம். வைபி நேரா வர்றாரு. நான் பேசிர்றேன்."

"போன எலெக்‌ஷன்லயும் பேசினீங்க."

"போன தடவ நம்ம கையில ஒண்ணும் இல்ல லா. இப்ப நம்ம ஆளுங்களும் அவங்க ஆளுங்களும் சேர்ந்துட்டாங்க. கவர்மெண்டே நம்ம கையில."

"அவங்க ஆளுங்கன்னா? எங்க அண்ணன் ஆளுங்களா?"

தங்கராஜு இருமினார்.

அவருக்கும் பழனியப்பனுக்கும் முறிந்தது இந்தக் கட்சியால்தான். அதற்கு முன்னால் இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் படம் பார்க்கப் போய் வந்தவர்கள். பழைய கட்சி தேர்தலுக்குத் தேர்தல் தோட்டத்து ஆட்களுக்குச் சொந்த வீடு என்று சொல்லிக்கொண்டே போனதில் பழனியப்பனுக்கு வெறுத்துவிட்டது. புதிய கட்சியில் சேர்ந்து அதற்கு ஒரு கிளையும் ஆரம்பித்தான். அன்றைக்கு லயம் இரண்டானது. திருவிழாவுக்கு இரண்டு உபயம், பொங்கலுக்கு இரண்டு பானை. சீதாவின் அம்மா செத்தபோது இரண்டு கட்சியிலிருந்தும் மாலை வந்தது. எந்த மாலை தலைமாட்டில், எந்த மாலை கால்மாட்டில் என்று தங்கராஜுவும் பழனியப்பனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பாடையில் அம்மா தூறலில் நனைந்துகொண்டு கிடந்தாள். அதற்கப்புறம் போக்குவரத்து இல்லை. அண்ணன் மகள் புவனேஸைக் குளிப்பாட்டித் தலைசீவி வளர்த்தது சீதா. அவள் கல்யாணத்து மேளம் கேட்ட அன்று சீதா சமையற்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணி தவமலர் மட்டும் எப்போதாவது பின்பக்கக் கால்வாயோரம் நின்று, ஒரு கிண்ணத்தில் கறியை வைத்துவிட்டுப் பேசாமல் போவாள்.

வீடும் அப்படியேதான் போயிற்று. பழைய கட்சி ரிங்லெட் பக்கம் ஒரு மேட்டைக் காட்டி, இங்கேதான் உங்கள் வீடு என்றது. மண் சரிந்துவிடும், ஆள் சாவார்கள் என்று பழனியப்பன் ஆட்கள் பதாகை பிடித்தார்கள். வேலை நின்றது. பிறகு ஆட்சி மாறியது. புதிய கட்சி தானா ராத்தா பக்கம் வேறோர் இடத்தைக் காட்டியது. வெளியாட்களையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று தங்கராஜு ஆட்கள் கூச்சல் போட்டார்கள். அதுவும் நின்றது. "அவன் கொண்டாற வீட்டுல குடியிருக்கறதுக்கு ரோட்டுல படுத்துக்கலாம்" என்று தங்கராஜு கூட்டத்தில் சொன்னபோது லயமே கை தட்டியது. தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த சீதாவும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கம்போல் பிரிஞ்சாங்குக்குப் போனாள். அங்கே அப்பார்ட்மெண்டுகளைக் கூட்டிக் கழுவும் வேலை. வீட்டுக்காரர்கள் எல்லாம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்கள். பள்ளி விடுமுறைக்கு வரும் ஆட்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டியே கிடக்கும். வெள்ளைத் துணி போர்த்திய கட்டில்கள், ஓடாத பெரிய டிவி, யாரும் சமைக்காத அடுப்பு. பால்கனியில் நின்று பார்த்தால் எதிரே மூன்று கட்டடங்கள் மலையை மறைத்துக்கொண்டு நின்றன. பெரும்பாலான சன்னல்களில் திரை மூடியிருந்தது.

அங்கே நின்றுகொண்டுதான் ஈப்போவில் இருக்கும் மகனுக்குப் போன் அடித்தாள். லோகேஸ்வரனுக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. வீடு வாங்கப் போட்ட பேங்க் லோன் மனு இரண்டு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது. மலிவு விலை ஃபிளாட்டில் ஓர் அறையை அவனும் பெண்டாட்டியும், இன்னோர் அறையை மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா. ஹால்ல படுத்துக்கலாம்" என்றான். சொல்வதற்கு முன் அவன் நிறுத்திய கொஞ்ச நேரம் சீதாவுக்குப் போதுமாக இருந்தது.

"அப்பாக்கு இந்த எடத்த விட்டுட்டு மூச்சு விட வராது ஐயா. பாத்துக்கலாம்."

"அங்கயே எங்கயாச்சும் வாடகைக்கு?"

"இங்க வாடகைக்கு விடறதெல்லாம் ராத்திரிக் கணக்கு. நம்ம வாங்கற சம்பளத்துல கக்கூஸ்கூட எடுக்க முடியாது."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கோவிலை ஒட்டிய பாடாங் திடலில் கூடாரம் போட்டார்கள். பழைய கட்சிக்கொடியும் புதிய கட்சிக்கொடியும் ஒரே கம்பத்தில் கட்டப்பட்டிருந்தன. தங்கராஜு நாற்காலி அடுக்கினார். பழனியப்பன் விளக்குக்கு வயர் இழுத்தான். மேலிடத்து உத்தரவு, இரண்டு கிளையும் சேர்ந்து செய்யவேண்டும் என்று. ஒருவர் வேலை செய்யும் பக்கத்தை மற்றவர் பார்க்கவில்லை. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தபோது பழனியப்பன் தங்கராஜுவைத் தாண்டி, தூரத்தில் நின்ற ஒருவனைக் கூப்பிட்டான்.

மீகோரிங் நூடுல்ஸும் நெத்திலிச் சம்பலும் பரிமாறினார்கள். பனி இறங்கி விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி நின்றது. வைபி வந்தார். அவருக்குப் பக்கத்தில் புதிய கட்சியின் பெரியவர். போன தேர்தலில் இதே பாடாங்கில் வைபியைத் திருடன் என்று சொன்ன ஆள். இருவரும் ஒரே தட்டிலிருந்து கடலை எடுத்துக் கொறித்தார்கள்.

"நேத்து வரைக்கும் எதிரெதிரே நின்னோம்" என்றார் வைபி மைக்கில். "இன்னிக்கு ஒரே குடும்பம், ஒரே மேடை. நாட்டுக்கு நெலையான ஆட்சி வேணும். அதுக்காக நாங்க பழசெல்லாம் மறந்துட்டோம்."

கை தட்டினார்கள். வீட்டுத் திட்டம் ஆய்வில் இருக்கிறது என்றார். அதற்கும் கை தட்டினார்கள். பேசி முடித்து, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று பேச்சுக்குக் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து சீதா எழுந்தாள். அவள் எழுவாள் என்று அவளே நினைக்கவில்லை.

"வைபி, நீங்க ரெண்டு பேரும் எப்ப சமாதானம் ஆனீங்க?"

கூட்டம் சிரித்தது. வைபியும் சிரித்தார். சீதா சிரிக்கவில்லை.

"இல்ல, எங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பேன். அண்ணன் மக கல்யாணத்துக்குப் போயிருப்பேன். உங்களுக்காக எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனும் அடிச்சிக்கிட்டு, எங்கம்மாவ மழையில போட்டு வச்சிருந்தாங்க. நீங்க எவ்ளோ சுளுவா மறந்துட்டீங்க. நாங்க எப்படி மறக்கறது, அதையும் சொல்லிக் குடுங்க."

"சீதா, உக்காரு" என்றார் தங்கராஜு.

"இருங்க. இவரு கொண்டாந்த வீட்ட அவரு நிறுத்தினாரு. அவரு கொண்டாந்த வீட்ட இவரு நிறுத்தினாரு. இப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க? நிறுத்தறதுக்கு ஆளு இல்லல்ல? அந்த ரெண்டுல ஒரு வீட்டக் குடுங்க. மாசக் கடைசில நான் சாவி குடுக்கணும். நான் எங்க போகட்டும்?"

யாரும் சிரிக்கவில்லை. வைபி தலையைக் குனிந்து பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். வைபியின் உதவியாளர் திலகா மைக்கை வாங்கி, "அம்மாவோட பிரச்சினைய ஆபீஸ்ல குறிச்சிக்கிட்டோம்" என்று சொல்லி நன்றியுரையை ஆரம்பித்துவிட்டாள்.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். விடிவதற்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. பிரிஞ்சாங் சந்தையில் கோவாவும் மற்ற காய்கறியும் விற்பவர்கள்கூட சீதாவைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்கள். அடுத்த நாளே எதிர்த்து நிற்கும் மூன்றாவது கூட்டணிக்காரர்கள் அரிசி மூட்டையோடு வந்துவிட்டார்கள். தங்கள் மேடையில் ஏறி, அதே மாதிரி அதே கோபத்தோடு ஒரு தடவை பேசவேண்டுமாம்.

"நீங்க வீடு குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நாங்க ஜெயிச்சு வந்தா கண்டிப்பா ஆய்வு பண்ணுவோம்மா."

அரிசி மூட்டையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள்.

அதற்கப்புறம் திலகா வந்தாள். முப்பது வயசு இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பெண். அஞ்சடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். சீதா கொடுத்த கோப்பியைக் குடித்தாள்.

"ஆன்ட்டி, தானா ராத்தாவுல கவர்மெண்டு ஃபிளாட்டு ஒண்ணு காலியா இருக்கு. வாடகை கம்மி. வைபி ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சொல்லச் சொல்லு."

"சொல்லுவாரு. ஆனா அந்த வீடியோ இப்படி ஓடிக்கிட்டு இருந்தா எப்படி ஆன்ட்டி? நீங்களே இன்னொரு வீடியோல, ஏதோ கோவத்துல பேசிட்டேன், எங்க வைபி நல்லவருன்னு மட்டும்…"

"நான் பேசினதுல எது பொய்யி, சொல்லு."

திலகா கோப்பையைக் கீழே வைத்தாள். "பொய்யின்னு நான் சொல்லல. எங்கம்மாவும் லயத்த விட்டுட்டு ஈப்போல வாடகை வீட்லதான் இருக்காங்க. எனக்குத் தெரியாதா? கெடைக்கறத வாங்கிக்கலாம்னு சொல்றேன் லா, ஆன்ட்டி."

"என் வாயால நான் சொன்னத நானே பொய்யின்னு சொல்ல மாட்டேன்" என்றாள் சீதா.

தங்கராஜு எழுந்து சட்டையை மாட்டினார். திலகாவை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து மலையில் ரொட்டி தின்கிற நேரம். போன் அடித்தது. லோகேஸ்வரன். குரலில் என்றும் இல்லாத மெதுவு.

"அம்மா, ஏன் என்கிட்ட சொல்லல? டாக்டர்கிட்ட போனீங்களா?"

"எனக்கு என்னா? மணிக்கட்டு வலி எப்பவும் உள்ளதுதான்."

"இல்லம்மா… அப்பா சொல்றாரு… உங்களுக்கு மண்டையில… மனசு சரியில்லன்னு. வீடியோல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்களாதேஷ் பையன் தன் போனைச் சட்டென்று பைக்குள் ஒளித்தான். சீதா கை நீட்டினாள். அவன் தயங்கிக் கொடுத்தான். திரையில் தங்கராஜு, கட்சிச் சட்டை போட்டுத் தலை வாரி, அவர்கள் வீட்டு சாமிப்படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "என் சம்சாரத்துக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. என்ன பேசறோம்னு அவளுக்கே தெரியல. வைபிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." ஒரு தடவைகூட இருமவில்லை.

சீதா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் நல்லாத்தான்யா இருக்கேன்" என்று மகனிடம் சொல்லி வைத்தாள். சாயந்தரம் வரைக்கும் கொழுந்து வெட்டினாள். பனியில் அவளைச் சுற்றி மற்றவர்களின் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் தங்கராஜு விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னா சொல்லச் சொல்ற? நீ சொல்ல மாட்டேன்னுட்ட. ஃபிளாட்டு போயிரும் லா, சீதா. இந்த வயசுல உன்ன எங்க கொண்டுபோய் வைப்பேன்? லயத்துக்கே வீடு வாங்கித் தர்றேன்னு முப்பது வருஷமா சொன்னவன் நானு. என் பொண்டாட்டிக்கு ஒரு கூரை இல்லன்னா எவன் மூஞ்சில முழிப்பேன்?"

"அதுக்கு என்னப் பைத்தியக்காரியாக்கிட்டீங்க."

"ஒரு கூரைக்குத்தான சீதா…" என்றவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடாமல் இருமினார். அவள் சுடுதண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஓட்டுப் போடும் நாளில் கட்சிக் கார் வந்து தங்கராஜுவை ஏற்றிக்கொண்டு போயிற்று. சீதா போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. பழைய சட்டிகளை வெளியே போட்டு மணலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரோடு நடந்துபோய் ஓட்டுப் போட்டு வந்து, கறி எடுத்துச் சமைக்கும் நாள் அது. தேர்தல் என்றால் அவளுக்கு ஏறக்குறைய தீபாவளி மாதிரி. மத்தியானம் அவர் சோறு பிசைந்தபோது விரலில் கருநீல மை தெரிந்தது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

வைபி ஜெயித்தார். லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். தங்கராஜு வெளியே போகவில்லை. திலகாவுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தார். மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கடைசியில் அவள் எடுத்தாள். அந்த ஃபிளாட்டை மேலிடம் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது, தனக்கே நேற்றுத்தான் தெரியும் என்று சொன்னாள். அழுதிருப்பாள் போல, மூக்கடைத்த குரல். தங்கராஜு, "பரவால்ல லா கண்ணு" என்று சொல்லி வைத்தார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை எல்லாம் சீதா சமையற்கட்டிலிருந்து கேட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்தாள். சாமிப்படம் கண்ணில் பட்டது. திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

சாவி கொடுக்கவேண்டிய நாளைக்கு முதல் நாள் சாயந்தரம், முன்வாசலில் ஒரு ஆள் நின்றான். பழனியப்பன். திரிங்காப்பில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயிடம் காய்கறி லோரி ஓட்டுகிற ஆள். உடம்பெல்லாம் கோவா வாடை. நரைத்துப்போயிருந்தான். கால்வாயோரமும் பாடாங்கிலும் தூரத்தில் பார்த்ததுதான். இவ்வளவு நரை என்று சீதாவுக்குத் தெரியவில்லை.

"சீதா" என்றான். உள்ளே வரவில்லை. "எங்க தவுக்கே தோட்டத்துல ஒரு கொங்சி காலியா கெடக்கு. முன்ன வேல செஞ்ச ஆளுங்க இருந்த தகரக் கொட்டாய். வீடுன்னு சொல்ல முடியாது. நான் கேட்டுப் பாத்தேன், ஆளு வேணும்னா இருக்கட்டும்னு சொல்லிட்டாரு. நீ பூ பாக்கெட் போடற வேலைக்கு வரணும்."

"வர்றேண்ணே."

"காலையில லோரி கொண்டாறேன்." திரும்பியவன் நின்றான். "அந்த வீடியோவ நானும் பாத்தேன். நீ பேசினது. உங்கண்ணி அழுதா." தங்கராஜு பேசிய வீடியோவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் சாமான்களை லோரியில் ஏற்றினார்கள். கட்டில், மேசை, அலமாரி, கேஸ் அடுப்பு, சாமிப்படம், அரிசி டின். தவமலர் வாசல் வழியாகவே வந்து பாத்திரங்களைத் துணியில் கட்டினாள். ராமையா கிராணி சாவியை வாங்கிக்கொண்டு, "போய்ட்டு வாங்கக்கா" என்றார். எங்கே திரும்பி வருவது என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேப்பாள் ஆட்கள் தங்கள் பைகளோடு சுவரோரம் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

லோரியின் முன்சீட்டில் பழனியப்பன் ஓட்ட, நடுவில் சீதா, சன்னலோரம் தங்கராஜு. தங்கராஜு அவளோடு பேசிப் பழனியப்பனுக்குப் பதில் சொல்லலாம் என்றால் அவள் அவரோடு பேசுவதில்லை. பழனியப்பன் அவளோடு பேசலாம் என்றால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பிரிஞ்சாங்கில் விடுமுறைக் கூட்டம். கார்கள் நகரவில்லை. ஸ்ட்ராபெர்ரி வடிவத் தலையணை தூக்கிக்கொண்டு பிள்ளைகள் லோரிக்கு முன்னால் ஓடினார்கள்.

கொங்சி, திரிங்காப்பில் ஒரு சரிவின் அடியில் இருந்தது. சுற்றிலும் பூச்செடிகளுக்கும் கீரைக்கும் போட்ட பிளாஸ்டிக் கூரைகள். கோழியெரு நாற்றம் மூக்கில் அறைந்தது. நாலு பக்கமும் தகரம், கீழே பாதி சிமெண்டு, பாதி மண். ஒரே அறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கம்பியை வளைத்து மாட்டவேண்டும். தண்ணீர் மலையிலிருந்து ரப்பர் குழாயில் வந்தது. சாமான் இறக்கி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இது தூறல் இல்லை, மழை. கூரையின் ஒரு மூலையில் ஓட்டை. கட்டில்மேல் நேராக ஒழுகியது.

பழனியப்பன் வெளியே கிடந்த ஒரு தகரத்தை எடுத்து வந்தான். தனியாகத் தூக்கிப் பிடித்து ஆணி அடிக்க முடியாது. தங்கராஜு எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் மேசைமேல் ஏறி நின்றார்கள்.

"கொஞ்சம் மேல, மாப்ள" என்றான் பழனியப்பன்.

தங்கராஜு தகரத்தை மேலே ஏற்றினார். மச்சான் அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு காலம் ஆகியிருக்கும். சீதா ஒரு மூலையில் கேஸ் அடுப்பை மூட்டி, சாடின் மீன் டின்னை உடைத்து, வெங்காயம் அரிந்து சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவேண்டும் அண்ணனை என்று நினைத்தாள். பதினைந்து வருஷத்துக்கப்புறம் அவள் கையால் ஒரு வாய்.

"அன்னிக்கி ரிங்லெட்டுலயே கட்ட விட்டிருந்தா" என்றார் தங்கராஜு தகரத்தைப் பிடித்தபடியே, "இந்நேரம் கல்லு வீட்ல இருந்திருப்போம் மச்சான்."

சுத்தியல் நின்றது. "கட்டியிருந்தா மண்ணுக்குள்ள இருந்திருப்போம். அது சரியற மேடு. தானா ராத்தா எடத்த நீங்க கெடுக்காம இருந்திருந்தா சொல்லுங்க."

"வெளியாட்களுக்கு வீட்டத் தூக்கிக் குடுக்கப் பாத்தது யாரு? உங்க கட்சி."

"எங்க கட்சியா? காட்டையே வித்துத் தின்னது யாரு? உங்க ஆளு."

"எங்க ஆளு பக்கத்துலதான இன்னிக்கு உங்க ஆளு உக்காந்து கடல திங்கறாரு!"

"நீங்கதான் கூப்பிட்டு உக்கார வச்சீங்க, பதவிக்கு!"

இருவர் குரலும் மழையை மீறி ஏறியது. தகரம் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கட்டிலில் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கராஜு நெஞ்சை நிமிர்த்தி, மேடையில் பேசுவதுபோல் ஒற்றைக் கையை நீட்டிப் பேசினார். ஒரு இருமல்கூட இல்லை.

சீதா கத்தியைக் கீழே போட்டாள்.

"எறங்குங்க! ரெண்டு பேரும் எறங்குங்க கீழ! வெளிய போங்க! என் வீட்டுக்குள்ள எவனும் கட்சி பேசக் கூடாது!"

அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. இறங்கினார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் கதவைத் தாண்டி மழைக்குள் போனார்கள். பழனியப்பன் கையில் இன்னும் சுத்தியல் இருந்தது.

சீதா கம்பியை வளைத்து மாட்டிக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து லயத்து வீடு, கம்பெனி வீடு, தோட்டத்து வீடு என்றுதான் சொல்லியிருக்கிறாள். என் வீடு என்று இதுவரை அவள் வாயில் வந்ததில்லை. இந்தத் தகரக் கொட்டாயைப் பார்த்தா வரவேண்டும்?

அவள் அரிசி டின்மேல் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடைத்திருக்கத் தேவையில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் ஆள் இருந்தாலும் கேட்டிருக்காது. வெங்காயம் தீய்ந்து புகைந்தது. எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி டின்மேல் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தகரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். எதிரே பூச்செடிகளின் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் இருவரும் ஆளுக்கொரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, நனைந்துபோய், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். தங்கராஜு இப்போது இருமிக்கொண்டிருந்தார். உடம்பு முழுக்கக் குலுங்க இருமினார். பழனியப்பன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சீதா எழுந்து கதவருகில் போனாள். வளைத்து மாட்டிய கம்பியில் கையை வைத்தாள். திறக்கவில்லை, கையை எடுக்கவும் இல்லை.